பன்னிரண்டும் அரை இஞ்சும் ஒன்றல்ல: ரவுட்டர் வாங்குவதற்கு முன்

திருமங்கலம் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து போன வாரம் ஒரு ப்ளஞ்ச் ரவுட்டர் சர்வீசுக்கு வந்தது. மரத்தில் காடியும் டிசைனும் எடுக்க, சுழலும் வெட்டுமுனையை (பிட்டை) மேலிருந்து அழுத்தி இறக்கும் மெஷின் அது. கொண்டு வந்தவர் முதலாளி. மெஷினை ஓட்டிய பையன் இடது கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறான். மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். ஆர்மேச்சர், பேரிங், கார்பன் பிரஷ், ஸ்விட்ச் எல்லாம் நன்றாக இருந்தன. பிட்டைப் பிடிக்கும் காலெட்டின் வாய்ப்பக்கம் மட்டும் தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அரை இஞ்ச் காலெட்டில் 12 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டைப் போட்டு, மெஷினை டேபிளுக்கு அடியில் தலைகீழாக மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட் மெல்ல மேலே ஏறி, நினைத்ததைவிட ஆழமாகக் கடித்து, கட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறது. கட்டை போன இடத்துக்குக் கையும் போய்விட்டது. போனில் பேசியபோது அந்தப் பையன், "நல்லா டைட் பண்ணித்தாண்ணே வச்சேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

இதே காலெட், இதே பேச்சு. எத்தனை தடவைதான் பார்ப்பது? ரவுட்டர் வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது "எத்தனை வாட்ஸ்?", "விலை எவ்வளவு?" இந்த இரண்டும்தான். காலெட் என்ன அளவு என்று யாருமே கேட்பதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலெட் என்பது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சின்ன இரும்புக் குழல். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கும் மரத்துக்கும் நடுவில் இருப்பது இது ஒன்றுதான். நம் ஊரில் கிடைக்கும் பிட்கள் 6, 6.35, 8, 12, 12.7 என்று ஐந்து தண்டளவுகளில் வருகின்றன, எல்லாம் மில்லிமீட்டரில். கால் இஞ்ச் என்றால் 6.35. அரை இஞ்ச் என்றால் 12.7. நம் ஆசாரிமார் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். 6 எம்எம் ப்ளைவுட்டை ரெண்டு நூல் என்போம், 12 எம்எம் ப்ளைவுட்டை நாலு நூல் என்போம். அலமாரி முதுகுக்கு அடிக்கும் பலகையில் அந்த வித்தியாசத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்தப் பழக்கம் அப்படியே காலெட்டுக்கும் வந்துவிட்டது. "பன்னெண்டுன்னா நாலு நூல்தானே" என்று சொல்லித்தான் 12 மில்லிமீட்டர் பிட்டை 12.7 காலெட்டில் போடுகிறார்கள்.

வித்தியாசம் 0.7 மில்லிமீட்டர். சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ரவுட்டர் காலெட் அதற்கு உரிய தண்டை முழு நீளத்துக்கும் ஒட்டிப் பிடிப்பதற்காகக் கடைந்தது. நட்டை முறுக்கும்போது அது சுருங்கும் அளவு மிகக் கொஞ்சம். மெலிந்த தண்டைப் போட்டு ஸ்பேனரால் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் காலெட் சாய்ந்து நெளியும். வாய்ப்பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோட்டில் கவ்வும். கைக்கு நல்ல இறுக்கமாகவே தெரியும். கையால் இழுத்துப் பார்த்தாலும் வராது. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றி, பலகையைக் கடிக்கும்போது வரும் அதிர்வில்தான் பிட் ஊர்ந்து வெளியே வரத் தொடங்கும். கையில் பிடித்து ஓட்டும்போது கீழ்நோக்கி இறங்கிப் பள்ளத்தை ஆழமாக்கும். டேபிளில் தலைகீழாக மாட்டியிருந்தால் மேல்நோக்கி ஏறும். தூளை மேலே அள்ளிப் போடும் ஸ்பைரல் பிட் என்றால் வெட்டும் விசையே அதைக் காலெட்டிலிருந்து உருவி எடுக்கும். இதில் ஓட்டுகிறவனின் கைப்பழக்கத்துக்கு வேலையே இல்லை. முப்பது வருஷம் உளி பிடித்த கையாக இருந்தாலும் இதேதான் நடக்கும்.

6 மில்லிமீட்டர் பிட்டை 6.35 காலெட்டில் போடுவதும் இதே தப்பு. தண்டில் காகிதமோ டேப்போ சுற்றிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்னொரு கூட்டம் நேர்மாறு: 12.7 தண்டு 12 காலெட்டில் நுழையவில்லை என்று தண்டைக் கிரைண்டரில் பிடித்துத் தேய்க்கிறார்கள். கையால் தேய்த்த தண்டு வட்டமாகவே இருக்காது. அந்த பிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

சரி, கடைக்குப் போகும்போது என்ன செய்வது? மாரட் வீதியில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டிக்குள் எந்தக் காலெட் வருகிறது என்று முதலில் கேளுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ள மெஷின் நாட்டுக்கு நாடு வேறு வேறு காலெட்டோடு விற்கப்படுகிறது. யூடியூபில் அமெரிக்கக்காரர் அரை இஞ்ச் பிட்டை மாட்டிக் காட்டினார் என்பதற்காக உங்கள் பெட்டியிலும் அதுவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள பிட்களின் தண்டை வெர்னியர் காலிபரில் அளந்து, எந்த அளவு அதிகம் இருக்கிறதோ அதற்கேற்ற காலெட் கிடைக்கும் மெஷினைத் தேர்ந்தெடுங்கள். தேவையான மற்ற அளவுக் காலெட் தனியாகக் கிடைக்குமா, தேய்ந்துபோனால் மாற்றுக் காலெட் மதுரையிலேயே வாங்க முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த மெஷின் வேண்டாம். அரை இஞ்ச் காலெட்டுக்குள் செருகும் ஸ்லீவ் போட்டுச் சின்னத் தண்டுகளைப் பிடிக்கலாம். நல்ல தரமான ஸ்லீவ் என்றால் சின்ன பிட்டுக்குப் பரவாயில்லை. ஆனாலும் தனிக் காலெட்டுக்கு அது ஈடாகாது.

அடுத்தது வேகம். தேக்குக் கதவுக்குப் பேனல் எடுக்கும் 80 மில்லிமீட்டர் பிட் ஒன்றை 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 100 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 360 கிலோமீட்டர். அதே சுற்றில் 6 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு ஓடுவது நொடிக்கு ஏழரை மீட்டர்தான். ஆகவே பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டம் வரை முழு வேகத்தில் ஓட்டலாம். 50 வந்தால் 16,000 பக்கம் இறக்குங்கள். 75க்கு மேல் போனால் 12,000 அல்லது அதற்கும் கீழே. பிட்டின் மேலேயே உச்ச வேகம் பொறித்திருந்தால் அதற்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் மெஷின்கள் இன்னமும் விற்பனையில் இருக்கின்றன. காடி எடுக்கவும் விளிம்பு உருட்டவும் மட்டும் என்றால் அவை போதும். டேபிளில் மாட்டப்போகிறீர்கள் என்றால் வேகம் மாற்றும் டயல் இல்லாத மெஷினை வாங்கவே கூடாது.

ட்ரிம்மரை, அதாவது ஒற்றைக் கையில் பிடிக்கும் சின்ன ரவுட்டரை, டேபிளில் மாட்டுகிறவர்களுக்கு இதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். மக்கிட்டா 3709 என்பது 530 வாட்ஸ், 30,000 சுற்று. பாஷ் ஜிகேஎஃப் 550 என்பது 550 வாட்ஸ், 33,000 சுற்று. மைக்கா விளிம்பு சீவுவதற்கு அருமையான மெஷின்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி இரண்டிலும் கிடையாது. இவற்றில் 40 மில்லிமீட்டர் டிசைன் பிட்டை மாட்டி ஓட்டிக் கருகிய ஆர்மேச்சர்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆர்மேச்சர் கருகியதோடு போனால் அதிர்ஷ்டம்.

டேபிளுக்கும் கைக்கும் ஒரே மெஷின் போதுமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். போதும், ஆனால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். டேபிளுக்கு 1,600 வாட்ஸுக்குக் குறையாமல், சாஃப்ட் ஸ்டார்ட் (மெல்ல வேகமெடுக்கும் வசதி), வேகக் கட்டுப்பாடு உள்ளதாகப் பாருங்கள். மக்கிட்டா ஆர்பி2301எஃப்சி போல 2,100 வாட்ஸ், 9,000 முதல் 22,000 சுற்று என்றால் எந்தப் பேனல் பிட்டும் ஓடும். ஆனால் அதன் எடை ஆறு கிலோ. நிலையில் மாட்டி நிற்கும் கதவின் பக்கவாட்டில் பூட்டுக் குழி எடுக்க அதைத் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கும். நடுங்கும் கையில் ரவுட்டர் இருக்கக் கூடாது. வேலை பெரும்பாலும் சைட்டில் என்றால் பெரிய மெஷினை டேபிளிலேயே நிரந்தரமாக மாட்டிவிட்டு, கைக்கு ஒரு சின்ன ரவுட்டர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்குக் கதவுகளைச் சீர்செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். பழைய வளைவுகளுக்கு ஒத்துப்போகும் பெரிய பிட்களைக் கையில் பிடித்து ஓட்டுவது நடக்காத காரியம்.

கடையில் மெஷினைக் கையில் வாங்கி அழுத்திப் பாருங்கள். இரண்டு தூண்களிலும் சமமாக, தடங்காமல் இறங்க வேண்டும். ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்தும்போது கோணிக்கொண்டு நின்றால் வேண்டாம். பூட்டும் நெம்புகோல் கைப்பிடியை விடாமலே விரலுக்கு எட்ட வேண்டும். அப்புறம் அதைத் தலைகீழாகப் பிடித்து உயரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை. தலைகீழாக மாட்டும்போது ஸ்பிரிங்கும் கீழே தள்ளும், மெஷினின் எடையும் கீழே இழுக்கும். நுண்ணிய உயரத் திருகு இல்லாவிட்டால் அரை மில்லிமீட்டர் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். டிரைட்டன் டிஆர்ஏ001 போன்றவை டேபிளுக்கென்றே யோசித்துச் செய்தவை. மேலிருந்தே உயரம் மாற்றலாம், மேலிருந்தே பிட்டும் மாற்றலாம்.

டேபிளை நம் ஆட்கள் 19 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் துளை போட்டு, மெஷினை நேராக அடியில் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். அங்கேயே 19 மில்லிமீட்டர் உயரம் போய்விடுகிறது. பிட் எட்டவில்லை. உடனே என்ன செய்கிறார்கள்? தண்டைக் காலெட்டிலிருந்து வெளியே இழுத்து, நுனியை மட்டும் கவ்வ வைத்து ஓட்டுகிறார்கள். சரியான அளவுக் காலெட் இருந்தும் பிட் பறப்பதற்கு இதுதான் காரணம். தண்டு குறைந்தது 20 மில்லிமீட்டராவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மேலே இழுத்து இறுக்குங்கள். உயரம் போதவில்லை என்றால் பலகையில் பள்ளம் எடுத்து 6 முதல் 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகடோ ஹைலம் ஷீட்டோ (பிசினேற்றிய கெட்டித் தகடு) பதித்து, மெஷினை அதில் மாட்டுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டேபிளில் மாட்டிய ரவுட்டரின் ஸ்விட்சை ஆன் நிலையிலேயே பூட்டிவிட்டு, சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் போட்டு அணைக்கிறார்கள். வேலை நடுவில் கரண்ட் போகும். ஆள் டீ குடிக்கப் போவான். திரும்பி வந்து பிட்டின் மேல் படிந்த தூளைக் கையால் தட்டுவான், அந்த நேரம் பார்த்து கரண்ட் வரும். கரண்ட் போனால் தானே அணைந்து, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும் நோ-வோல்ட் ஸ்விட்ச் கிடைக்கிறது. ஒரு நல்ல பிட்டின் விலைதான் ஆகும். டேபிள் செய்கிறவர்கள் இதைப் போடாமல் செய்யவே கூடாது. 2,100 வாட்ஸ் மெஷின் 9 ஆம்பியர் இழுக்கும். அதை லைட் போடும் சின்ன பிளக்கில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் பாயிண்டும், எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும் வேண்டும். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் ஒயர் மெல்லிசாக இருந்தால் மெஷின் திணறிச் சூடாகும்.

தலைகீழாக ஓடும் மெஷினுக்குள் தூள் நேராக மோட்டாரில் விழும், ஸ்விட்சுக்குள்ளும் போகும். வேலை முடிந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். காலெட்டைக் கழற்றித் தேக்குப் பிசினைத் துடையுங்கள். பிட் இல்லாமல் காலெட் நட்டை முறுக்கி வைக்காதீர்கள், காலெட் நசுங்கும்.

ஓட்டும்போது: கையில் என்றால், விளிம்பு உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து வலம். டேபிளில் என்றால் கட்டையை வலமிருந்து இடம் தள்ளுங்கள். டேபிளின் வேலிக்கும் (கட்டை ஒட்டி நகரும் தடுப்புப் பலகை) பிட்டுக்கும் நடுவில் கட்டையை ஒருபோதும் நுழைக்காதீர்கள், பிட் அதை உங்கள் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். ஒரே தடவையில் முழு ஆழம் எடுக்காமல் மூன்று நான்கு மில்லிமீட்டராக இறக்குங்கள். உள்ளங்கையைவிடச் சின்னக் கட்டை என்றால் டேபிளில் வேண்டாம். தள்ளுவதற்குத் தள்ளுகட்டை வையுங்கள். கையுறை போடாதீர்கள், தோளில் துண்டும் வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள். மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். பிட் மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள்.

ஏற்கெனவே ரவுட்டர் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பிட் பெட்டியைக் கொட்டி, ஒவ்வொரு தண்டையும் வெர்னியரில் அளந்து, 12 எல்லாம் ஒரு டப்பாவிலும் 12.7 எல்லாம் வேறு டப்பாவிலும் போடுங்கள். 6, 6.35 இரண்டையும் அதே போலப் பிரியுங்கள். டப்பாவின் நிறத்தையே காலெட் நட்டிலும் ஒரு சொட்டுப் பெயிண்டாக வையுங்கள், புதிதாகச் சேரும் பையனுக்கும் கேட்காமலே புரியும். வெர்னியர் இல்லை என்றால் பிட்களையும் காலெட்டையும் என் கடைக்கு எடுத்து வாருங்கள். அளந்து பிரித்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.