நறுக்கிய பேரிக்காய் நிறம் மாறுவது ஏன்?

ஆடி மாதத்தை ஒட்டி நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கொங்கு நாட்டுச் சந்தைகளுக்கு வந்து இறங்கும் மலைப் பேரிக்காய், தடித்த தோலும் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகளுமாக, பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். அதன் அழகெல்லாம் உள்ளிருக்கும் வெண்ணிறச் சதையில்தான். ஆனால் ஒரம்பரை வந்திருக்கும் வீட்டில் அதை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டுக் காபி கலந்து கொண்டுவருவதற்குள் துண்டுகளின் விளிம்பில் பழுப்பு ஏறிவிடுகிறது. இது பழத்திலுள்ள இரும்புச்சத்தின் அடையாளம் என்று பலரும் சொல்வதுண்டு, அது சரியன்று. பேரிக்காயில் இரும்பு மிகக் குறைவு.

பேரிக்காயின் ஒவ்வொரு செல்லிலும், குளோரோஜெனிக் அமிலம், கேட்டெச்சின் போன்ற பீனால் சேர்மங்கள் நுண்குமிழ் என்ற நீர்ப்பையில் அடைபட்டிருக்கின்றன. பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியோ கணிகங்கள் என்ற வேறு அறைகளில் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை இவை சந்திப்பதில்லை. கத்தி இறங்கியதும் தடுப்புகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. அந்தக் குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து மெலனின் வகைப் பழுப்பு நிறமிகளாகின்றன. ஆகவே எத்தனை செல்கள் உடைகின்றனவோ அந்த அளவுக்குப் பழுப்பும் கூடும். மழுங்கிய கத்தி பழத்தை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்குவதால், வெட்டுமுகத்துக்குக் கீழே உள்ள செல்களும் சிதைந்துவிடுகின்றன.

வீட்டிலிருக்கும் பழைய இரும்பு அருவாமணை எவ்வளவு கூராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. இரும்பு, பழத்தின் பீனால்களோடு சேர்ந்து கருநீலச் சாயலுள்ள கறையை உண்டாக்கும். தீட்டிய எவர்சில்வர் கத்தியே போதும்.

வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோர்த் தண்ணீரில் போடும் வழக்கத்தில் இந்தச் சிக்கலுக்கான விடையும் இருக்கிறது. வாழைப்பூ கறுப்பதற்கும் இதே வகை நொதிதான் காரணம். நொதி சிறப்பாக வேலை செய்ய நடுநிலையை ஒட்டிய சூழல் வேண்டும். அமிலத்தன்மை ஏறி, பி.ஹெச். அளவு 3-க்குக் கீழே போனால் அது ஏறத்தாழ முடங்கிவிடும். பேரிக்காய்க்கு மோரின் வாசனை பொருந்தாது என்பதால் எலுமிச்சையே நல்லது. அதிலுள்ள சிட்ரிக் அமிலம் பி.ஹெச். அளவைக் குறைப்பதோடு, நொதியின் செயல்மையத்தில் இருக்கும் செம்பு அயனிகளைப் பற்றிக்கொண்டும் அதைத் தளர்த்துகிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி வேறு வழியில் உதவுகிறது: உருவாகும் குயினோன்களை அது மீண்டும் பீனால்களாகவே மாற்றிவிடுகிறது. இருக்கும் வைட்டமின் சி தீர்ந்துபோனதும் பழுப்பு மறுபடி தலைகாட்டத் தொடங்குவதால், இந்தப் பாதுகாப்பு சில மணி நேரத்துக்கானதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு போதும். ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர்கள் அரைப்பழம் கூடுதலாகப் பிழிவது நல்லது. கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அமிலத்தில் ஒரு பகுதியைச் சமன்செய்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. துண்டுகளை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவைக்க வேண்டாம், சர்க்கரை தண்ணீரில் இறங்கிப் பழம் சப்பென்று ஆகிவிடும். எலுமிச்சை இல்லையென்றால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு கலந்த நீரும் ஓரளவு உதவும், ஏனெனில் குளோரைடு அயனியும் இந்த நொதியைத் தடுக்கும். மலைப்பாதை ஓரத்தில் விற்பதுபோல உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதாக இருந்தால், சாப்பிடும் நேரத்தில் தூவுவதே முறை. உப்பு துண்டுகளிலிருந்து நீரை வெளியே இழுத்து, தட்டை ஈரமாக்கிவிடும்.

கொட்டைப் பகுதியை எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கடிக்கும்போது மணல்போல நறநறக்கும் கல்செல்கள் அதைச் சுற்றித்தான் நெருக்கமாக இருக்கின்றன. லிக்னின் ஏறித் தடித்த சுவருள்ள இந்தச் செல்களின் இனமே தேங்காய்த் தொட்டியின் கடினத்துக்கும் காரணம். பழத்தை நெடுக்காகப் பிளந்து, சிறு ஸ்பூனால் நடுப்பகுதியை உருண்டையாகத் தோண்டி எடுத்தால் பள்ளம் சீராக வரும். குறுக்கே வெட்டினால் ஐந்து விதை அறைகள் நட்சத்திர வடிவில் தெரியும். அழகுதான், ஆனால் நறநறப்பும் கூடவே தட்டுக்கு வந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விசிறியாகப் பரப்புவதற்கு, தோண்டிய அரைப்பழத்தைக் கவிழ்த்து வைத்து, காம்புப் பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டு, அங்கிருந்து அடிவரை மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் கீறி, உள்ளங்கையால் மெல்லச் சாய்த்து அழுத்த வேண்டும். இது பழத்தின் பக்குவத்தைப் பொறுத்தது. பழுக்கும்போது செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதால் சதை வளைந்துகொடுக்கிறது. காயாக இருந்தால் விசிறி விரியாது. அதிகம் கனிந்திருந்தால் இதழ்கள் காம்போடு அறுந்துவிடும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதி விரலுக்குச் சற்றே இளகும் நிலைதான் சரியானது. கீறிய பிறகு எலுமிச்சை நீரில் முக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுத் தட்டில் வைக்கலாம். மாதுளை முத்துக்களைச் சேர்ப்பதானால் பரிமாறும் நேரத்தில் சேர்க்க வேண்டும், முன்பே போட்டால் அவற்றின் சாறு வெண்சதையில் இறங்கிச் சிவப்புத் திட்டுகளை உண்டாக்கிவிடும்.