ஜெர்மனியின் பழைய நகரத்தில் சின்ன ஹோட்டல்: அறை போடும் முன் கேட்க வேண்டியவை

ஜெர்மனியில் பழைய நகரப் பகுதியிலேயே ஒரு சின்ன ஹோட்டலாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று யாராவது கேட்டு வந்தால், நான் முதலில் விசாரிப்பது முழங்காலைத்தான். கூட வருகிறவர்களில் யாருக்காவது மூட்டு வலி உண்டா? மாடி ஏற முடியுமா? பெட்டியை யார் தூக்குவார்கள்? பட்ஜெட், தேதி எல்லாம் அப்புறம்.

பயண ஏற்பாடு என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் அங்கே படிப்பதாலோ வேலை பார்ப்பதாலோ போகும் பெற்றோர். பிள்ளை இருப்பது ஒற்றை அறையில். அதனால் பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். படத்தில் பார்த்தால் ஜன்னலில் பூத்தொட்டி, சாய்ந்த ஓட்டுக்கூரை, மரச்சட்டம் தெரியும் சுவர், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. போய் இறங்கிய பிறகுதான் சிரமம் தெரிகிறது. அந்தச் சிரமங்களில் முக்கால்வாசி, அறை போடும்போதே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

முதலில் ஊரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா ஆர்வத்துக்காக இல்லை, உங்கள் அறைக்கு லிஃப்ட் இருக்குமா என்பதே அந்தக் கதையில்தான் இருக்கிறது. டான்யூப் கரையில் இருக்கும் ரேகன்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கல் பாலத்தின் வேலை 1135-இல் தொடங்கியது. ரோமானியக் கோட்டையின் வடக்கு வாசல் கி.பி. 179-ஐச் சேர்ந்தது, அதன் வளைவு இன்றும் ஒரு கட்டடத்தின் சுவரோடு சுவராக நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் அந்த ஊரில் விழுந்த குண்டுகள் பெரும்பாலும் விமானத் தொழிற்சாலையையும் ரயில் பாதையையும் குறிவைத்தவை. பழைய நகரம் ஏறக்குறைய அப்படியே தப்பித்தது. 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அப்படியென்றால் அங்கே நீங்கள் தங்கும் வீடு நிஜமாகவே பல நூற்றாண்டு பழசு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், படி குறுகல், எந்த இரண்டு அறையும் ஒரே அளவில் இருக்காது.

அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் நியூரம்பெர்க். 1945 ஜனவரி 2 இரவு நடந்த குண்டுவீச்சில் அதன் பழைய நகரம் பெருமளவு தரைமட்டமானது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி போருக்குப் பின் பழைய தெரு அமைப்பிலேயே திரும்பக் கட்டியது. அதனால் கோட்டைச் சுவருக்கு உள்ளேயே லிஃப்டும் நேரான படியும் உள்ள ஹோட்டல் கிடைப்பது அங்கே சுலபம். ரோட்டன்பர்க்கில் இரண்டும் கலந்திருக்கிறது: 1945 மார்ச் 31-இல் குண்டு விழுந்த கிழக்குப் பகுதி பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டது, மேற்குப் பகுதி பழையபடியே நிற்கிறது. பாம்பெர்க், குவெட்லின்பர்க் இரண்டும் அதிகச் சேதமில்லாமல் தப்பித்த ஊர்கள். அழகும் அங்கே அதிகம், மாடிப்படிச் சிரமமும் அங்கே அதிகம்.

ஹோட்டல்காரர் ஏன் ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். பவேரியாவில் பழங்காலக் கட்டடங்களைக் காக்க 1973-இலேயே சட்டம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களிலும் தனித்தனிச் சட்டம் உண்டு. பாதுகாக்கப்பட்ட வீடென்றால் உத்தரத்தை அறுக்கவும் சுவரை உடைக்கவும், ஏன், ஜன்னலை மாற்றவும்கூட அனுமதி வாங்க வேண்டும். ரேகன்ஸ்பர்க்கிலோ லிஃப்ட் குழி தோண்டினால் அடியில் ரோமானியச் சுவரே வந்து நிற்கலாம். சொந்தக்காரர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டம் இருப்பதால்தான் நாம் பார்க்கப் போகும் தெரு இன்னும் தெருவாக இருக்கிறது.

சரி, லிஃப்ட் உண்டு என்று இணையத்தில் போட்டிருக்கிறதே? அதையும் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். தெருவிலிருந்து ஐந்தாறு படி ஏறிய பிறகு தொடங்கும் லிஃப்ட் உண்டு. கூரைக்கு அடியில் இருக்கும் கடைசி மாடிக்கு ஒரு தளம் முன்பே நின்றுவிடும் லிஃப்டும் உண்டு. இன்னொன்று, எதிர்ச்சாரியில் அதே ஹோட்டலுக்கு ஓர் இணைப்பு வீடு இருக்கும். லிஃப்ட் முதன்மைக் கட்டடத்தில், உங்கள் அறை இணைப்பு வீட்டில். இதை யாரும் மறைப்பதில்லை, ஆனால் கேட்காமல் யாரும் சொல்வதுமில்லை.

அந்தப் படிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேக்கு நிறத்தில் மெழுகு போட்டுத் துடைத்த மரப்படி. பல தலைமுறைக் கால்கள் மிதித்து நடுவில் பள்ளமாகியிருக்கும். சுழன்று ஏறும் இடத்தில் உள்பக்கம் பாதி அகலம்கூட இருக்காது, முழுப் பாதத்தையும் வைக்க முடியாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். சில வீடுகளில் அதுவும் தடித்த கயிறுதான். இருபத்து மூன்று கிலோ பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையில் கயிற்றைப் பிடித்து ஏறுவதை, முதுகுவலி உள்ள ஓர் அப்பாவோ முழங்காலில் அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாவோ செய்யவே கூடாது. இறங்குவது இன்னும் மோசம். திருச்சியிலிருந்து போன ஓர் அம்மாவுக்காக நான் முன்கூட்டியே எழுதிக் கேட்டபோது, அந்த ஹோட்டல்காரம்மா தானாகவே மூன்றாம் மாடியை மாற்றி முற்றத்துப் பக்கம் தரைத்தள அறையைக் கொடுத்தார். கூடுதல் பணம் கேட்கவில்லை. சின்ன ஹோட்டலின் நல்ல பக்கம் இதுதான்: பதில் எழுதுகிறவர்தான் சாவியையும் தருவார், பெரும்பாலும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே.

அதனால் எந்த இணையதளத்தின் வழியாகப் பதிவு செய்தாலும், செய்த கையோடு ஹோட்டலுக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தெருக் கதவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி? அறை எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில்? குளியலறை அறைக்குள்ளேயா, பொதுவிலா? ஷவருக்குள் ஏற எவ்வளவு உயரம்? டாக்ஸி எதுவரை வரும்? எளிய ஆங்கிலம் போதும். வயதானவர் வருகிறார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

டாக்ஸி கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பழைய நகரத்தின் பல தெருக்களில் வண்டி போகாது. ரேகன்ஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து பேராலயம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், கால்மணி நேர நடை. ஆனால் கல் பாவிய தெருவில் சின்னச் சக்கரப் பெட்டியை இழுத்துப் போனால் அந்தக் கால்மணி அரை மணியாகும், சக்கரமும் தேயும். பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் நடுத்தரப் பெட்டி இரண்டாக எடுத்துப் போகச் சொல்வேன். படியில் தூக்கவும் அதுதான் வசதி.

நட்சத்திரத்தைப் பார்த்து எடை போட வேண்டாம். ஜெர்மனியில் ஹோட்டல் நட்சத்திரம் விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பித்து வாங்குவது. நட்சத்திரமே இல்லாத, பளிச்சென்று சுத்தமான குடும்ப ஹோட்டல்கள் நிறைய. பெயரோடு ‘கார்னி’ என்று இருந்தால் காலை உணவு மட்டும்தான், இரவுச் சாப்பாடு வெளியில். ‘காஸ்ட்ஹோஃப்’ என்றால் கீழே உணவகம் இருக்கும். கோடையில் அதன் சத்தம் இரவு பத்து வரை மேலே கேட்கும்.

இருபத்து நான்கு மணி நேர ரிசப்ஷனை எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் மாலை ஆறு, ஏழு மணிக்கே மேசை காலியாகிவிடும். தாமதமாக வருகிறவர்களுக்குச் சுவரில் ஒரு சாவிப் பெட்டி, அதற்கு ஓர் எண். அந்த எண் கைபேசிக்கு வரும். இந்திய சிம் வேலை செய்யாமல் போனால் குளிரில் வாசலில் நிற்க வேண்டியதுதான். விமானம் ஏறும் முன்பே எண்ணை வாங்கித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளியலறை விஷயத்தை வெட்கப்படாமல் பேச வேண்டும். வாளியும் மக்கும் கிடையாது, கழிப்பறையில் கைக்குழாயும் கிடையாது. ஒரு சின்ன மக் கொண்டு போங்கள். ஆனால் தண்ணீரை ஷவர் கூண்டுக்கு வெளியே சிந்த விடாதீர்கள். நம் வீட்டுக் குளியலறையில் தரை முழுவதும் நனைந்தாலும் ஓட்டை வழியே போய்விடும். அங்கே கூண்டுக்கு வெளியே வடிகால் பெரும்பாலும் இருக்காது. ஓடுகளுக்கு அடியில் இருப்பது மரத்தளம். சிந்திய நீர் விளிம்பு வழியாக இறங்கி, கீழ் அறையின் கூரையில் பழுப்புக் கறையாக வெளிப்படும். அதற்கான செலவு உங்கள் தலையில் விழலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹோட்டல்காரர்கள் நம் ஊர்க்காரர்களைப் பார்த்துத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு துண்டை விரித்துவிட்டுக் குளித்தால் தீர்ந்தது.

அடுத்தது தீ. இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அறையில் ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் வேண்டாம். நான் அனுப்பிய ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஊதுபத்திதான் ஏற்றியது. புகை உணரி அலறி, வீடு முழுக்க இருந்த விருந்தினர்கள் இரவு உடையோடு தெருவில் நின்றார்கள். சில ஹோட்டல்களில் அந்த அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போகும். காரணமில்லாமல் வண்டியை வரவழைத்தால் பில்லும் வரலாம். பூஜைக்கு பேட்டரி விளக்கு போதும். சாப்பாட்டுக்கு, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பொட்டலங்கள் போதும். வெந்நீர் கேட்டால் காலை உணவு அறையில் மனமுவந்து தருவார்கள்.

நாமே தீ வைக்காவிட்டாலும் ஆபத்து வராது என்று சொல்ல முடியாது. ஜெர்மன் கட்டட விதிப்படி தளத்துக்கு இரண்டு தப்பும் வழி வேண்டும். சிறிய தங்குமிடங்களில் தீயணைப்பு வீரர்களின் ஏணி எட்டும் ஜன்னலையே இரண்டாவது வழியாக ஏற்றுக்கொள்வதுண்டு. அதாவது படிக்கட்டு புகையால் நிறைந்தால், ஜன்னலைத் திறந்து ஏணிக்காகக் காத்திருக்க வேண்டும். எழுபது வயதுக்காரரை மேல்மாடியில் போட நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். போன அன்று மாலையே, கதவின் பின்னால் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். ஜன்னலுக்கு முன் பெட்டிகளை அடுக்காதீர்கள். அவசர எண் 112, தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதே எண். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காலை வரை காத்திருக்க முடியாத உடம்புக் கோளாறுக்கு 116117. பணியில் இருக்கும் மருத்துவரிடம் சேர்த்துவிடுவார்கள். பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், ஞாயிறன்று முறைவைத்து ஒன்றிரண்டு கடைகளே திறந்திருக்கும். வழக்கமான மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பா என்றாலே குளிர் என்று நினைத்துக் கூரை அறையை எடுக்காதீர்கள். முப்பது டிகிரியைத் தாண்டும் நாட்கள் இப்போது சகஜம். ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது, ஓடு பகல் முழுக்கக் காய்ந்து இரவு வெப்பத்தை இறக்கும். கனமான சுவர் உள்ள கீழ்த்தளம் அப்போது எவ்வளவோ மேல். பகலில் ஜன்னலையும் திரையையும் மூடி, விடியற்காலையில் அகலத் திறந்துவிடுங்கள்.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம், அதை மதிக்க வேண்டும். மரத்தளத்தில் குதிகால் வைத்து நடந்தாலே கீழே கேட்கும். ஊருக்கு வீடியோ கால் பேசுவதும் அப்படித்தான். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை எட்டரைக்கு அழைத்தால் அங்கே ஐந்து மணி.

பணத்துக்கு வருவோம். அட்டை வாங்குவோம் என்று எழுதியிருந்தாலும் சில சின்ன இடங்களில் அது ஜெர்மன் வங்கி அட்டையை மட்டும் குறிக்கும். ஓரிரு இரவுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும். வெளிநாட்டினர் பதிவுப் படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 2025 ஜனவரி முதல் ஜெர்மன் குடிமக்களுக்கு அது தேவையில்லை, நமக்கு இன்னும் உண்டு. பாஸ்போர்ட் கேட்டால் பதற வேண்டாம். சில ஊர்களில் அறை வாடகையோடு நகர வரியும் சேரும், பெர்லினில் 7.5 சதவீதம். அது பதிவுத் தொகையில் அடங்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சாவி. பல அறைக்கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இல்லை, வெறும் குமிழ்தான். சாத்தினால் பூட்டிக்கொள்ளும். சாவியை மேசையில் வைத்துவிட்டு இரவில் வெளியே வந்தால் பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், இரவு நேரக் கட்டணம் கண்ணைக் கட்டும். தெருக் கதவுக்கும் அறைக்கும் ஒரே சாவி என்றால், அது தொலைந்தால் வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம். தாலிக்கொடிக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்டச் சொல்வேன்.

விடியற்காலை ரயில் பிடிக்கிறவர்கள் முந்தைய மாலையே கணக்கை முடித்துவிடுங்கள். காலையில் மேசையில் ஆள் இருக்காது, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். பெட்டிகளையெல்லாம் தெருவில் இறக்கி, பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு சாவியைப் போடுங்கள். அதன் பிறகு தெருக் கதவு சாத்திக்கொண்டால் ஏழு மணி வரை திறக்க ஆள் இருக்காது.