விமானி ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது

ஐப்பசி அடைமழை தொடங்கினால் புதுச்சேரியில் பீரோவுக்குள் இருக்கும் தோல் சாமான் எல்லாம் வெள்ளை பூக்கும். செருப்பென்றால் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். 80 வயது விமானி ஜாக்கெட்டென்றால், பூத்திருப்பது என்னவென்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

அமெரிக்க ராணுவ விமானிகளுக்கென 1931-இல் வந்த ஏ-2 ரக ஜாக்கெட் பெரும்பாலும் குதிரைத் தோல். மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். கடற்படையின் ஜி-1 வெள்ளாட்டுத் தோல், காலரில் ரோமம். பி-3 முழுக்க ரோமத்தோடு கூடிய செம்மறித் தோல். எல்லாமே குளிருக்குத் தைத்தவை. நம் கடற்கரைப் புழுக்கம் அவற்றின் கணக்கிலேயே கிடையாது.

தோல் என்பது கொலாஜன் எனும் புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது இழைகளுக்கிடையே பிணைப்பு விழுகிறது. அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க, கொழுப்பு ஏற்றுகிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் இழை உப்பும், இறங்கினால் சுருங்கும். இரவில் ஏசி, பகலில் புழுக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் இழுபடுவது தையல்தான்.

வெள்ளையில் மூன்று வகை. பஞ்சு போல எழும்பி, மண்வாடை அடித்தால் பூஞ்சணம். ஹேர் டிரையரை இளஞ்சூட்டில், ஒரு சாண் தள்ளி, சில நொடி காட்டியதும் மறைந்து, ஆறியதும் திரும்பினால் கொழுப்பு. ஈரப் பஞ்சு முனையில் கரைந்தால் உப்பு. சோதனையை உள்மடிப்பில் செய்யுங்கள்; மார்புப் பக்கத்தில் வேண்டாம். கடற்காற்று உப்பு தனி உபத்திரவம்: சாதாரண உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் நீர்க்கும், ஆனால் கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே காற்றிலிருந்து நீரை இழுத்துவிடும். இரும்பு ஜிப் துருப்பிடிக்க அது போதும்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் வித்து பரவும். முகக்கவசம் அணிந்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, பிறகு மென்மையான பிரஷ்ஷால் வெளியே தட்டவும். வெயிலில் காயப்போடுவது நம் ஊர்ப் பழக்கம்; இங்கே அது கெடுதல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட புதுத் தோல் நீரில் 75 டிகிரிக்கு மேல்தான் சுருளும். சிதைந்த பழைய தோலில் அந்த வரம்பு 50-க்கும் கீழே இறங்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். சுருண்ட தோல் மீளாது.

வாங்கும்போது வெள்ளைப் பருத்தித் துணியால் காலரின் உட்பக்கத்தை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். செங்கல் பொடி போல ஒட்டினால் அமிலம் இழைகளை அரித்துவிட்டது. அதற்கு மருந்தில்லை, எண்ணெய் போட்டால் கறுத்து இன்னும் நைந்துபோகும்.

எண்ணெய் என்றதும் கை தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகிறது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், அதனால் ஏசி அறையில் அதுவே வெள்ளை பூக்கும். பூஞ்சணத்துக்குத் தீனி, உள்துணியில் கறை. பித்தளை பட்டனைச் சுற்றிப் பச்சை மெழுகு போல ஒன்று திரண்டிருக்கிறதே, அது கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்த கூட்டு. கத்தி வேண்டாம். தென்னை ஈர்க்கைச் சாய்வாகச் சீவி, அந்த முனையால் நெம்பினால் ஏடாகக் கழன்று வரும். பித்தளை பாலீஷ் கூடாது. அதன் அமோனியா தோலில் இறங்கும்.

ஈரப்பதம் 45-இலிருந்து 55 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும். அகலத் தோள் கொண்ட மர ஹேங்கரில் மாட்டி, கஞ்சி போடாத பழைய வேட்டியால் மூடவும். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை புழுங்கும். பி-3 கனமானது, படுக்கவைப்பதே நல்லது.

அறைக் காற்றின் ஈரத்தைக் குறைக்கும் ஈரநீக்கிக் கருவி மின்சாரத்தை நம்பியது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் மின்சாரமே இல்லை. எனவே மூடி இறுகும் ஒரு பெட்டியும், அதற்கு ஈரம் உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல் அரை கிலோவும் தயாராக இருக்கட்டும். பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர் 40-க்குக் கீழே போனால் கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள், தோல் விறைக்கும். ஜெல்லின் ஆரஞ்சு மணி ஈரம் ஏறிப் பச்சையானால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள்.

கம்பளிப் பின்னலில் ஓட்டை தெரிந்தால் அந்துப்பூச்சி. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியில் கிடக்கட்டும். இல்லையென்றால் நம் காற்றின் ஈரம் முழுவதும் அந்தக் குளிர்ந்த தோலில் பனியாக இறங்கும்.