நிலா ஏன் படத்தில் பொட்டாக விழுகிறது?

கண்ணுக்கு அத்தனை பெரிதாகத் தெரிகிற நிலா, படம் எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பொட்டாகத்தான் இருக்கும். பொட்டு ஏன், வெறும் வெள்ளை ஏன் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. வானத்தில் நிலாவின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரிதான். லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸ்மேல் மிமீயில் எழுதியிருக்கும் எண்) 110ஆல் வகுத்தால், சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் வந்துவிடும். 50 மிமீ லென்ஸில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 500 மிமீ லென்ஸில் நாலரை மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுள்ளது) உயரம் 24 மிமீ என்பதால், அதை நிலாவால் நிரப்ப 2,600 மிமீக்கும் மேல் வேண்டும். ஆனால் நிரப்பியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? பிக்சலின் அகலம் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அந்த நாலரை மில்லிமீட்டருக்குள் 1,100க்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன. ஒரு பிக்சலுக்கு நிலாவில் சுமார் 3 கிமீ. 93 கிமீ அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் முப்பது பிக்சலில் தாராளமாகத் தெரியும். வெட்டியெடுத்துக்கொள்ள இது போதும்.

அடிவானத்தில் நிலா பெரிதாகிவிடுவதாகத் தோன்றுவது மனத்தின் மயக்கம். உச்சிவானில் இருக்கும்போதைவிட அப்போது அது நமக்குச் சுமார் 6,000 கிமீ தள்ளி இருப்பதால், உண்மையில் ஒரு துளி சின்னதுதான். அப்படியானால் கட்டடத்துக்குப் பின்னால் பூதாகாரமாக நிற்கும் நிலாப் படங்கள்? அங்கே நிலா வளரவில்லை, கட்டடம் சுருங்கியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அரை டிகிரிக்குள் 9 மீட்டர் உயரம் அடங்கிவிடும். மூன்று மாடிக் கட்டடமும் நிலாவும் ஒரே உயரம். எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு பெரிய நிலா.

சரி, வெள்ளை ஏன்? சுற்றிலும் கருப்பு வானம் இருப்பதால், இருட்டில் எடுக்கிறோம் என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. நிலாவிலோ அப்போது நல்ல பகல். சூரியனிலிருந்து அதன் தொலைவும் நம் தொலைவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே வெயிலில் கிடக்கும் பாறைக்கு வைக்கிற செட்டிங்கைத்தான் வைக்க வேண்டும். முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, லென்ஸின் துளை எஃப்/11, ஷட்டர் 1/100 நொடி என்று தொடங்கலாம். நிலாத் தரை தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார்ச்சாலை போல.

அரைநிலா முழுநிலாவில் பாதி வெளிச்சம் தரும் என்று எண்ணத் தோன்றும். தருவது பத்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் பள்ளங்களின் நிழல் நிறைய ஒளியை விழுங்கிவிடுகிறது. அதே நிழல்தான் படத்துக்கு உயிரும் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், பௌர்ணமி நிலாவைப் படமெடுக்க மிக மோசமான நாள். வெயில் நேர் மேலிருந்து விழுவதால் மேடுபள்ளமே தெரியாது. பகலும் இரவும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளமும் எழுந்து நிற்கும்.

முக்காலி, டைமர், மானுவல் ஃபோகஸ் எல்லாம் தெரிந்த சங்கதிகள். வானம் ஒரு நொடிக்கு 15 வில்நொடி (ஒரு வில்நொடி டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) நகர்வதால், 500 மிமீ லென்ஸில் நிலா நொடிக்கு ஒன்பது பிக்சல் ஓடும். 1/100 நொடியில் அது பொருட்டே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு படம் மங்கலாக வந்தால், பெரும்பாலும் குற்றவாளி காற்றுதான். சூடும் குளிரும் கலந்த காற்று ஒளியை இங்குமங்கும் வளைக்கிறது. சாதாரண இரவில் இதனால் ஒன்று முதல் மூன்று வில்நொடி வரை விவரம் கலங்கிப்போகும். 500 மிமீ லென்ஸில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.65 வில்நொடி. அதாவது காற்று மோசமான நாளில் இதைவிட நீளமான லென்ஸ் போட்டாலும் மங்கல்தான் பெரிதாகும். லென்ஸின் குவியத்தூரத்தை நீட்டும் டெலிகன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிலா உயரே ஏறும்வரை காத்திருந்தால் ஒளி கடக்க வேண்டிய காற்று குறையும். அப்புறம், ஒரே படத்தை நம்பாமல் நூறு எடுக்கலாம். நடுக்கம் குறைந்த கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும்.

கிரகங்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் விடை கொடுமையாக இருக்கும். மிக அருகில் வரும்போதும் வியாழன் 50 வில்நொடியைத் தாண்டுவது அரிது. 500 மிமீ லென்ஸில் முப்பது பிக்சல்கூடத் தேறாது. பட்டைகள் தெரிந்தால் அதிர்ஷ்டம். சனியின் வளையம் ஒரு முட்டை வடிவமாகத் தட்டுப்படும், அவ்வளவே. ஆனால் 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களுக்கு 200 மிமீ லென்ஸே போதும். வியாழன் வெளுத்துப்போனாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் கூடுதல் நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் வரிசையாக விழும். சில மணி நேரம் கழித்து எடுத்தால் இடம் மாறியிருக்கும்.

சூரியனும் அதே அரை டிகிரிதான். ஆனால் லென்ஸின் முன்பக்கம் சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை மாட்டாமல் அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண் வைத்திருந்தால் சென்சாரோடு பார்வையும் போய்விடும்.