பிஸ்கட் டின்னில் இல்லாத காகிதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் பிஸ்கட் டின்னோடுதான் படியேறுவார்கள். தோட்டத்து வீடுகளில் முக்கியமான காகிதமெல்லாம் அதில்தான் இருக்கும். போன மாதம் வந்த அக்காவின் டின்னில் கணவரின் இறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், வீட்டு கிராண்ட் எனும் உரிமைப் பத்திரம், ஊழியர் சேமநிதிக் கணக்கு, 1998இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எடுத்த கல்யாணப் படம், எல்லாம் இருந்தன. நான் தேடிய திருமணச் சான்றிதழ் மட்டும் இல்லை.

"கோயில்ல தாலி கட்டினாரு சார், தோட்டமே சாட்சி" என்றார்.

முஸ்லிம் அல்லாதார் திருமணம் 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்திருந்தால், பதிந்தால்தான் சட்டத்தில் திருமணம். கணவர் உயில் எழுதவில்லை. அதனால் இத்தனை வருடம் குடும்பம் நடத்திய அக்காவுக்கும் பங்கில்லை, இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. சேமநிதியில், தனக்குப் பின் பணம் பெறுபவராக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறார். அம்மா போய்ப் பத்து வருடம், அப்பா அதற்கும் முன்னால். ஆக, வாரிசு கணவரின் தம்பிகள் இருவர். மூத்தவர் பங்கை விட்டுக்கொடுத்து உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இளையவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

பதியாமல் இருப்பவர்கள் இப்போது பதிந்தாலும் நல்லதுதான். முன்பே பிறந்த பிள்ளைகளும் அந்தத் திருமணத்தால் சட்டபூர்வ பிள்ளைகள் ஆவார்கள். பதிந்த கையோடு சேமநிதி அலுவலகத்துக்கும் போங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த பெயர் தானாக ரத்தாகாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். முன்பு எழுதிய உயில்தான் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். சேமநிதியில் பெயர் மாற்றக் கட்டணம் இல்லை.

'பெண்டாட்டிக்குத்தானே எல்லாம் போகும்' என்று உயிலைத் தள்ளிப்போடுகிறார்கள். போகாது. பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்குதான். பாதி பிள்ளைகளுக்கு, கால் பெற்றோருக்கு. உயில் எழுத 18 வயதும், கூடவே இருந்து கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் போதும். மகனுக்கு வீட்டை எழுதிவிட்டு மருமகளைச் சாட்சி போட வைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். சொத்து பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு செல்லாது. மகன் இன்றுவரை மனைவியிடம் அதைச் சொல்லிக் காட்டுகிறாராம், பாவம் அந்தப் பெண்.

பணத்தை விடுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், வீட்டை மகளுக்கு எழுதி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். பிடி தேய்ந்து அவர் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருந்தது. "இது பேரனுக்கு. உயில்ல போடலாமா?"

போடலாம்தான். ஆனால் அந்தக் கத்தியின் கதை உயிலில் அடங்காது, தனிக் கடிதமாக எழுதுங்கள் என்றேன். எழுத வராது என்றார். பேத்தி கைப்பேசியை நீட்டினாள். தாத்தாவின் அப்பா எந்தக் கிராமத்திலிருந்து கப்பல் ஏறினார், எந்த நிரையில் வெட்டினார், செட்டியார் கடன் எப்படித் தீர்ந்தது, எல்லாம் நாற்பது நிமிடம். அந்த ரப்பர் நிரைகள் இன்று செம்பனை.

அக்கா மறுபடி வந்தார், வேறு வேலையாக. தையில் மகளுக்குக் கல்யாணம். பதிவிலாகாவுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். "முதல்ல ரெஜிஸ்டர், அப்புறம்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டாராம்.