மியூட்டேஷன்: சடுதிமாற்றமா, விகாரமா, திரிபா?

பாளையங்கோட்டையில சாயங்காலம் நாலஞ்சு பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக்குடுக்கேன். போன வாரம் சடுதிமாற்றம், அதாவது இங்கிலீஷ்ல மியூட்டேஷன், பாடம் வந்துச்சு, ஒரு பய எந்திச்சு "சார், சடுதின்னா எவ்வளவு சடுதி, ராத்திரி படுத்து காலையில எந்திச்சா மாறிருவோமா"ன்னு கேக்கான். எல்லாரும் சிரிச்சாங்க. யோசிச்சுப் பாத்தா தப்பு அவன் மேல இல்ல, அந்தச் சொல்லு மேலதான்.

முதல்ல விஷயத்தச் சொல்லிருதேன். நம்ம செல்லுக்குள்ள இருக்குற டி.என்.ஏ, ஏ டி ஜி சின்னு நாலே எழுத்துல எழுதுன ஒரு நீளமான வாசகம், மனுஷனுக்கு ஒரு செட்டுல சுமார் 300 கோடி எழுத்து. செல்லு ரெண்டாப் பிரியும்போதெல்லாம் இத்தனையையும் படியெடுக்கணும், அதுல எங்கயாவது ஒரு எழுத்து பிசகும், பிசகுனத சரிபாக்கவும் உள்ளேயே ஏற்பாடு இருக்கு, அதையும் தாண்டி நின்னுபோறதுதான் மியூட்டேஷன். எக்ஸ்ரே, வெயில்ல வர்ற புற ஊதாக்கதிர், சில கெமிக்கல் இதுகளாலயும் வரும். பொறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மாட்ட இல்லாத புது மாற்றம் ஏறக்குறைய 60, 70 இருக்கு, பெரும்பாலும் நல்லதும் பண்ணாது கெட்டதும் பண்ணாது, சும்மா கெடக்கும். அதனால அந்தப் பயட்ட "நீயே ஒரு மியூட்டன்ட்தாம்ல"ன்னு சொன்னேன்.

பேரு எங்கருந்து வந்துச்சுன்னா, லத்தீன்ல மூட்டாரேன்னா மாறுறது, அவ்வளவுதான், வேகம்னு ஒண்ணும் அதுல கிடையாது. உயிரியல்ல இந்தச் சொல்லப் பிரபலமாக்குனவரு ஹாலந்துக்காரர் ஹியூகோ டி வ்ரீஸ். 1886ல ஹில்வர்சம் ஊர்ப்பக்கம் தரிசாக் கெடந்த ஒரு வயல்ல ஈனோதீரான்னு மஞ்சப்பூச் செடிக் கூட்டத்துல சிலது மட்டும் வேற மாதிரி நிக்கிறதப் பாத்தாரு, விதையெடுத்து வருஷக்கணக்கா வளத்தாரு, 1901ல புஸ்தகமே போட்டாரு. புது இனம் கொஞ்சங்கொஞ்சமா வரல, ஒரே தாவுல வருதுங்கிறது அவரு கட்சி. நம்ம 'சடுதி'யும், சிலர் திடீர்மாற்றம்னு சொல்லுறதுல உள்ள 'திடீரு'ம் இந்தத் தாவல்ல இருந்து வந்து ஒட்டிக்கிட்டதுதான்னு நான் நெனைக்கேன். ஆனா அவரு பாத்ததுல முக்காவாசி குரோமோசோம் (டி.என்.ஏவ சுருட்டி வச்சிருக்குற கட்டு) இடம் மாறுனதும் எண்ணிக்கை கூடுனதும்தான்னு பின்னாடி தெரிஞ்சுபோச்சு. கொள்கை போயிருச்சு, பேரு மட்டும் நம்ம பாடப்புஸ்தகத்துல உக்காந்திருக்கு.

ஆனா 'சடுதி'ங்கிற சொல்ல முழுக்க தப்புன்னும் சொல்லமுடியாது, சில நேரம் கண்ணுக்கு முன்னாடியே சட்டுனு தெரியத்தான் செய்யும். களக்காட்டுப் பக்கம் வாழைக்காரங்கள்ட்ட கேட்டுப்பாருங்க. வாழை விதையில வர்றதில்ல, பக்கக்கன்னுதான், அப்ப தாய்க்கும் கன்னுக்கும் வித்தியாசமே இருக்கக்கூடாதுல்லா, இருந்தும் செவ்வாழையில எப்பவாச்சும் ஒரு கன்னு வளந்து பச்சைத் தாரு தள்ளும். யாரும் கலப்பு பண்ணல, மகரந்தமும் வரல, செல்லுக்குள்ள எழுத்து மாறிட்டு.

இப்ப விகாரம். ஈழத்துப் பாடப்புஸ்தகத்துல மியூட்டேஷனுக்கு விகாரம்னுதான் போடுவாங்க. நம்மூர்ல விகாரம்னா அசிங்கம், அகோரம், அதனால பிள்ளைக மூஞ்சியச் சுளிக்கும். ஆனா தமிழ் அய்யாட்ட கேட்டா வேற சொல்லுவாரு. நன்னூல்ல புணர்ச்சி விகாரம், அதாவது ரெண்டு சொல்லு சேரும்போது வர்ற எழுத்து மாற்றம், மூணு, தோன்றல், திரிதல், கெடுதல். வாழையும் பழமும் சேந்தா வாழைப்பழம், நடுவுல ஒரு ப் தோணுது. பொன்னும் குடமும் பொற்குடம், ன் போயி ற் ஆகுது. மரமும் வேரும் மரவேர், ம் கெட்டுப்போச்சு.

டி.என்.ஏல நடக்குறதும் அச்சு அசலா இதே மூணுதான், இது எனக்கு உறைச்ச அன்னைக்கு உக்காந்த இடத்துலயே சிரிச்சுட்டேன். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற சிக்கிள் செல் ரத்தசோகை திரிதல், ஹீமோகுளோபின் ஜீன்ல ஜிஏஜின்னு இருக்கவேண்டிய இடத்துல ஜிடிஜி, ஒரே ஒரு எழுத்து. நுரையீரலப் பாதிக்குற பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ல பரவலா இருக்குற வகை கெடுதல், மூணு எழுத்து காணாமப் போயிருக்கும். மூளையப் பாதிக்குற ஹன்டிங்டன் நோயி தோன்றல், சிஏஜிங்கிறது அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்து நிக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் மறக்காதீங்க, சந்திக்கு விதி உண்டு, வாழைப் பக்கத்துல பழம் வந்தா எப்பவும் ப் தான், மியூட்டேஷனுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது, உயிருக்கு என்ன தேவைன்னு பாத்தும் வராது, பாட்டுக்கு வரும், வந்ததுல எது நிக்கும் எது போகும்ங்கிறது அப்புறம் இயற்கைத் தேர்வோட வேலை. (அந்தத் 'தேர்வ' பரீட்சைன்னு நெனைக்கிற பிள்ளைகளும் இருக்கு, அது தனிக்கதை.)

சரி, நல்ல தமிழ்ல எது? விகாரம் வடமொழி. நன்னூலுக்கு ரொம்ப முந்தி தொல்காப்பியத்துல இதே மூணும் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல்னு வருது, மூணையும் சேத்து தொல்காப்பியரு 'திரியுமாறு'ங்காரு. அப்ப பொதுப்பேரு திரிபு. என் ஓட்டு இதுக்குத்தான், மரபுத்திரிபுன்னு சொன்னா இன்னும் தெளிவு. கொரோனா நேரத்துல டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபுன்னு நியூஸ்ல கேட்டு எல்லார் காதுக்கும் பழகுன சொல்லுதான். கண்டிப்பாச் சொன்னா அங்க அது வேரியன்ட், அதாவது பல மியூட்டேஷன் சேந்த வைரஸ் வகை, மியூட்டேஷன்ங்கிறது அதுல இருக்குற ஒவ்வொரு எழுத்து மாற்றம். பரீட்சையில மட்டும் புஸ்தகத்துல இருக்குறபடி சடுதிமாற்றம்னே எழுதிருங்க, மார்க்கு முக்கியம்.

இதச் சொன்னதும் அதே பய "திரிபுன்னா பாலு திரிஞ்சுபோறது மாதிரியா சார், அப்ப வீணாப்போச்சுன்னுதான அர்த்தம்"னு மறுபடி மடக்குதான். சிக்கிள் செல் ஜீன் அப்பா அம்மா ரெண்டு பேருட்ட இருந்தும் வந்தா நோயி, ஒருத்தர்ட்ட இருந்து மட்டும் வந்தா கடுமையான மலேரியாவுக்கு ஓரளவு தடுப்பு, அதனாலதான் மலேரியா ஊருகள்ல அது அழியாம நிக்கின்னு சொன்னேன். எங்க ஆச்சியும் திரிஞ்ச பாலக் கொட்டமாட்டா, சீனி போட்டு அடுப்புல வச்சுக் கிண்டிருவா.