‘கோப்பைக் காணவில்லை’ என்று சொல்வது யார்?

திருகோணமலையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் கொட்டியாரக் குடாவின் ஆழம் குறைந்த கரைகளில் படகை ஏற்றுவோருக்கு அந்தச் சிறு வேறுபாடும் பொருட்டுத்தான். வற்றுப்பெருக்கைக் கணிக்கும் எக்ஸ்டைட் என்னும் திறந்த மூல மென்பொருளை, உப்புவெளி வீட்டிலிருந்த உபுண்டுக் கணினியில் (உபுண்டு ஒரு லினக்ஸ் வகை இயங்குதளம்) மூலநிரலிலிருந்தே தொகுக்க, அதாவது எழுதிய நிரலை இயங்கும் செயலியாக மாற்ற, முனைந்தேன். ஒரே மாலையில், பிற செயலிகள் பயன்படுத்தும் நிரல்தொகுதியான ‘நூலகம்’ ஒன்றையே குறித்து மூன்று முறை ‘காணவில்லை’ என்ற செய்தி வந்தது.

அந்த நூலகத்தின் பெயர் லிப்டிசிடி. வற்றுப்பெருக்குத் தரவுக் கோப்புகளை வாசிக்கும் வேலையை எக்ஸ்டைட் தானே செய்யாமல் அதனிடம் விட்டுவிடுகிறது. லினக்ஸ் உலகில் இது வழமை: பல செயலிகளுக்குப் பொதுவான வேலையை ஒரு நூலகம் செய்யும். 2014 இல், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, பகிர்ந்த நூலகத்தைப் புதுப்பித்து அதைப் பயன்படுத்திய சேவைகளை மீளத் தொடக்கியதுமே, அச்செயலிகளை மீண்டும் தொகுக்காமல் ஓட்டை அடைபட்டது. இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான், செயலி சார்ந்திருக்கும் நூலகம் கிடைக்காமற் போகும் சார்புச் சிக்கல்.

மூன்று முறையும் ‘காணவில்லை’ என்றவை வெவ்வேறு கருவிகள். முதலில் தேடுவது, மூலநிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பி. அதற்கு நூலகமே தேவையில்லை. நூலகத்தில் என்னென்ன செயற்கூறுகள் (அழைத்துப் பயன்படுத்தத்தக்க சிறு நிரல்கள்) உள்ளன, அவை எவ்வகைத் தரவைக் கேட்கும் என்று சொல்லும் ‘டிசிடி.எச்’ என்ற தலைப்புக் கோப்பு கிடைத்தால் போதும். நூலகம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தும் அந்தக் கோப்பு இல்லாமற் போவதற்குக் காரணம், லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் அதனைப் பெயரின் ஈற்றில் ‘டெவ்’ என்று வரும் தனிப் பொதியில் வைத்திருப்பதே. செயலியை இயக்க மட்டும் விரும்புவோருக்கு அது வீண் சுமை. ‘ஆப்ட்-ஃபைல்’ என்ற கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பொதியில் உள்ளது என்று சொல்லிவிடும். இணையத்தில் மணிக்கணக்கில் அலைவதைவிட இது மேல்.

அடுத்து, தொகுத்த துண்டுகளை நூலகத்தோடு சேர்த்து ஒரே செயலியாக்கும் இணைப்பி. இது ‘லிப்டிசிடி.எஸ்ஓ’ என்று ஈற்றில் எண் சேராத பெயரைத் தேடும். அப்பெயரும் டெவ் பொதியோடு வரும் ஒரு குறியிணைப்பே, அதாவது உண்மையான கோப்பைச் சுட்டும் பெயரே. கோப்பு கிடைத்த பிறகும் ‘வரையறுக்கப்படாத சுட்டு’ (அழைத்த செயற்கூறு எங்கும் இல்லை) என்ற வழு வந்தால், கட்டளை வரியில் நூலகங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். பயன்படுத்தும் கோப்பு முன்னும் நூலகம் பின்னும் நிற்க வேண்டும்.

மூன்றாவது, செயலியைத் திறக்கும்போது அதற்கான நூலகங்களை நினைவகத்தில் ஏற்றும் ஏற்றி. தொகுத்தல் பிழையின்றி முடிந்தும் செயலியைத் திறக்கும்போது ‘லிப்டிசிடி.எஸ்ஓ.0’ இல்லை என்று சொல்வது இதுதான். நான் நூலகத்தையும் மூலநிரலிலிருந்தே தொகுத்திருந்ததால் அது ‘யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ அடைவில் (கோப்புறையில்) போய் அமர்ந்திருந்தது. ஏற்றியோ ஒவ்வொரு முறையும் எல்லா அடைவுகளையும் துழாவாமல், முன்பே எழுதி வைக்கப்பட்ட ஒரு பட்டியலைப் பார்க்கிறது. அப்பட்டியல் பழையது. நிர்வாகி உரிமையுடன் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை ஒருமுறை இயக்கியதும் தீர்ந்தது. எந்த நூலகம் கிடைக்கவில்லை என்பதை ‘எல்டிடி’ கட்டளை வரிவரியாகக் காட்டும்.

‘லிப்டிசிடி.எஸ்ஓ.0’ போன்ற நூலகப் பெயரிலுள்ள அந்த எண் அலங்காரமன்று. நூலகத்தின் உள்ளமைப்பு பழைய செயலிகளோடு ஒத்துப்போகாதவாறு மாறும்போது அவ்வெண்ணும் மாற வேண்டும் என்பது மரபு. பிஎன்ஜி படங்களைக் கையாளும் நூலகத்தின் பழைய பதிப்பான லிப்பிஎன்ஜி12 ஐக் கேட்கும் பழைய செயலிக்கு, லிப்பிஎன்ஜி16 ஐச் சுட்டும் குறியிணைப்பைப் பழைய பெயரில் உருவாக்கிக் கொடுக்குமாறு அறிவுரை சொல்வோர் உண்டு. ஏற்றி ஏமாறினாலும், நினைவகத்தில் ஒரு தரவு இருக்கும் இடத்தைச் செயலி ஓரிடமாகவும் நூலகம் வேறிடமாகவும் கணக்கிட்டால், செயலி இடையில் விழுந்துவிடும். விழாமல் தவறான விடை தருவது அதனினும் கேடு. பழைய செயலியின் மூலநிரல் கையிலிருந்தால் புதிய நூலகத்தோடு மீண்டும் தொகுப்பதே முறை. புதிய நூலகம் கைவிட்ட செயற்கூறுகளை அது அழைத்தால் நிரலையும் சற்றுத் திருத்த நேரும்.

ஒருவழியாக எக்ஸ்டைட் இயங்கத் தொடங்கியது. தொடங்கியதும் நான்காவதாக ஒன்றைக் காணவில்லை என்றது. இம்முறை கேட்டது நூலகமன்று, தரவுக் கோப்பு, தேடியதும் எக்ஸ்டைட்டேதான். ‘ஈடிசி’ அடைவிலுள்ள அதன் அமைப்புக் கோப்பின் முதல் வரியில் தரவு இருக்குமிடத்தை எழுதிக் கொடுத்தேன்.